முழங்கால் வலியும் மரத்துப்போகச் செய்யும் களிம்பும்

சென்ற மாதம் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் இருப்பைச் சரிபார்த்தபின், தறி வீடுகளைப் பார்வையிடச் சென்றேன். குழித்தறியில் அமர்ந்திருந்த ஓர் அங்கத்தினரின் வலது முழங்காலில் பழந்துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவி, துணியால் இறுகக் கட்டி, அதன்மேல் சூடான மணல் ஒத்தடமும் கொடுத்திருக்கிறார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. "பூசிவிட்டால் வலி மரத்துப்போகிறது, ஐயா. சேலையை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி?" என்றார்.

நான் வைத்தியன் அல்லன், கணக்குப் பார்ப்பவன். எனினும், இத்தகைய களிம்பு இல்லாத தறி வீட்டையோ உழவர் வீட்டையோ காண்பது அரிதாகையால், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதத் துணிந்தேன்.

"வலிக்கு ஒரு டியூப்" என்று கேட்டால் கைக்கு வருவது எந்தச் சரக்கு என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். மெந்தால், கற்பூரம் முதலியன கலந்த தைலங்கள் குளிர்ச்சியையோ சூட்டையோ காட்டி வலியின் மீதுள்ள கவனத்தைத் திருப்புவன. டைக்ளோபினாக் கலந்தவை அழற்சியைத் தணிப்பன. முழங்கால், கைவிரல் மூட்டுத் தேய்மானத்தில் இவை பயன் தருவது ஆராய்ச்சிகளில் தெளிவாகியுள்ளது. உண்மையில் மரத்துப்போகச் செய்வது லிக்னோகெயின். லிடோகெயின் என்பதும் இதுவே. 1943-ல் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் நீல்ஸ் லோப்கிரன் ஆக்கிய பொருள் இது. நரம்பு இழைகளில் சோடியம் புகும் வாயில்களை அடைத்து, வலிச் செய்தி மூளைக்குச் செல்லாதவாறு சிறிது நேரம் தடுக்கிறது. தோலின் மேல் பூசியது பெரும்பாலும் தோலையும் அதை ஒட்டிய பகுதியையுமே மரக்கச் செய்யும்; ஆழத்திலுள்ள மூட்டினுள் சென்று எதையும் சீர்ப்படுத்துவதில்லை. அக்கி நீங்கிய பின்னும் தங்கும் நரம்பு வலிக்கே இது சிறப்பாக உதவுவதாகக் கூறுகின்றனர்.

மேலே பூசுவதுதானே என்று அலட்சியம் செய்தல் தகாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், சீட்டின்றி விற்கப்பட்ட சில களிம்புகளில் லிடோகெயின் 4 சதவீதத்துக்கு மேல் இருந்ததைக் குறித்து எச்சரித்தது. அவற்றை உடலின் பெரும்பரப்பில் பூசினாலும், புண்பட்ட தோலில் பூசினாலும், மேலே சுற்றிக் கட்டினாலும் மருந்து மிகுதியாக இரத்தத்தில் கலந்து, இருதயத் துடிப்பு தவறுதல், வலிப்பு, மூச்சுத் திணறல் நேரிடக்கூடும். சூடும் மருந்தை விரைந்து உட்செலுத்தும். நம் அங்கத்தினர் கட்டும் கட்டி ஒத்தடமும் கொடுத்தார்! தைலங்களின் மேலும் ஒத்தடம் ஆகாது, தோல் வெந்துபோகும்.

பூசியவுடன் கையைக் கழுவுதல் அவசியம். மரத்த விரலுக்கு அறுந்த இழை புலப்படாது. அரிவாள் பிடிப்போருக்கு அபாயம் இன்னும் அதிகம். டைக்ளோபினாக் பூசுவோர் உடன் வலி மாத்திரை உண்பதாயினும், குடற்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உடையவராயினும், டாக்டரைக் கேட்டே பூச வேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சுடுதல், காய்ச்சல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுக்கு எந்தக் களிம்பையும் நம்பி ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது.

வலி மறைந்தபின் மிதியை முன்போலவே மிதித்துக்கொண்டிருந்தால், தேய்ந்த மூட்டுக்கு ஓய்வு எங்கிருந்து கிடைக்கும்? அந்த அங்கத்தினரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். கொப்புளத்துக்கு மருந்திட்ட டாக்டர், மூட்டுத் தேய்மானம் என்றார். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இருக்கைப் பலகையை உயர்த்தச் சொன்னார். இரண்டு வாரம் தறியில் இறங்க வேண்டாமென்றார்.

பலகையை அன்றே உயர்த்தினோம். "இரண்டு வாரக் கூலிக்கு யாரைக் கேட்பது, ஐயா?" என்று அவர் வினவியபோது, தலைவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துணை விதிகளில் அதற்கு இடமில்லை. சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து நோயுற்ற அங்கத்தினருக்கு முன்பணம் வழங்கலாமா என்பதைப் பார்வைக் குறிப்பில் எழுதியுள்ளேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அது பரிசீலனைக்கு வருகிறது.