தீப்புண்ணும் வாழையிலையும்

தீப்பட்ட இடத்தில் பேனா மையை ஊற்றுவோர் நம்மில் உண்டு. இட்லி மாவை அப்புவோரும் உண்டு. எரிச்சல் சற்றே தணிவதால் இவற்றின்மீது நம்பிக்கை வேரூன்றிவிட்டது. தணிவிப்பது மையன்று, அதன் குளிர்ச்சியே. அக்குளிர்ச்சியைக் குழாய்த் தண்ணீர் இன்னும் நன்றாகத் தரும். சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுதல் வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் முடிபு. பனிக்கட்டி ஆகாது, அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கி ஊறு செய்யும். மையோ புண்ணின் ஆழத்தை மருத்துவர் கண்ணுக்கு மறைத்துவிடும்.

ஆழத்தை அறிவது ஏன்? நமது தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேல்தோலும், அடித்தோலின் மேற்பகுதியும் மட்டும் வெந்திருப்பின், மயிர்க்கால்களின் அடியில் எஞ்சிய உயிரணுக்கள் பெருகிப் பரவிப் புதுத்தோலை ஆக்குகின்றன. அடித்தோல் முழுதும் வெந்துபோயின் அந்த ஊற்றுக்கண் அடைபட்டுவிடும். பிறகு புண்ணின் ஓரத்திலிருந்து மட்டுமே தோல் வளர இயலும். புண் பெரிதாயின் அது போதாது. வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுதல் வேண்டும்.

புண்ணைக் காற்றுப்படத் திறந்து வைத்தால் காய்ந்து ஆறிவிடும் என்பது நெடுநாளைய எண்ணம். காய்தல் வேறு, ஆறுதல் வேறு. 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், இளம் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களுள் சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மற்றவற்றைத் திறந்தே விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் கீழே உயிரணுக்கள் வழி தோண்டிக்கொண்டு செல்ல நேர்கின்றது; ஈரப் பரப்பிலோ அவை எளிதில் நகர்ந்து செல்கின்றன.

ஆகவே, ஈரத்தைக் காக்கும் போர்வை வேண்டும். அது புண்ணில் ஒட்டவும் கூடாது. ஒட்டிய கட்டுத்துணியைப் பிரிக்கும்போது குழந்தைகள் படும் துன்பம் காணச் சகியாதது. துணியோடு புதுத்தோலும் பிய்ந்துவிடுகின்றது. ஒட்டாத போர்வைகள் அயல்நாடுகளில் உண்டாயினும், ஏழையர்க்கு அவற்றின் விலை எட்டுவதில்லை. பம்பாயின் வாடியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் கேஸ்வானி இதற்கு வழி கண்டது உருளைக்கிழங்குத் தோலில்! வேகவைத்து உரித்த தோலைச் சல்லாத்துணியில் பொருத்தி, நீராவியால் கிருமி நீக்கிப் புண்ணின்மேல் வைத்துக் கட்டும் முறையை அவர் 1985-இல் வெளியிட்டார். பின்னர் ஆராய்ந்தபோது, அத்தோலால் மூடிய புண்ணிலும் கிருமிகள் இருக்கவே செய்தன. எனினும் புண் உலரவில்லை. அடியிலிருந்த உயிரணுக்கள் பிழைத்தன.

2003-இல், அதே நகரின் சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையைக் கொண்டு இதனைச் செய்து பார்த்த முடிவை வெளியிட்டார். மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் நன்கறிந்த மருத்துவமனை அது. இலை புண்ணில் சிறிதும் ஒட்டவில்லை. ஆற்றுவதில் உருளைக்கிழங்குத் தோலுக்கு நிகராக நின்றது. விலையிலோ அதனினும் மலிவு. சூடான சோறு பரிமாறினும் இலையில் ஒட்டாமையை அன்றாடம் கண்ட நமக்கு இது வியப்பன்று. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்லுதல் வேண்டும்: மருத்துவமனை இலை, கிருமி நீக்கிய இலை. கொல்லையில் அறுத்த இலையை வீட்டிலேயே புண்ணின்மேல் இடுவது ஆபத்து.

இலையும் கிழங்குத் தோலும் ஆழமில்லாப் புண்ணுக்கே உதவும். உடலின் பெரும்பகுதி ஆழமாக வெந்தவர்க்கு ஒட்டுவதற்குச் சொந்தத் தோலே மிஞ்சியிராது. அவர்க்கு இறந்தோரின் தோல் தற்காலிகப் போர்வையாகின்றது. சில வாரங்களில் உடல் அதனை விலக்கிவிடும். அதற்குள் நீரிழப்பும் கிருமித் தாக்குதலும் குறைந்து, நோயாளி தேறுவதற்கு அவகாசம் கிடைக்கின்றது. இதற்கெனச் சயான் மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டில் தோல் வங்கி ஒன்று தொடங்கப்பெற்றது. பிற நகரங்கள் சிலவற்றிலும் இத்தகைய வங்கிகள் உள்ளன. இரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. ஆனால் இறந்த 6 மணி நேரத்துக்குள் தோலை எடுத்தல் வேண்டும். கண் தானத்துக்கு இசையும் குடும்பத்தாரும் தோல் என்றவுடன் உடல் உருக்குலையுமோ என்று அஞ்சுகின்றனர். தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மெல்லிய படலம் மட்டுமே எடுக்கப்பெறுகின்றது. பிறகு கட்டுப் போட்டு உடலை உற்றாரிடம் ஒப்படைக்கின்றனர். முகத்தை எவரும் தொடுவதில்லை.