ஒளிரும் விசிறியும் குளிர்விக்கும் விசிறியும்

கணினியின் செயலி தான் பெறும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதையும் வெப்பமாகவே வெளிவிடுகின்றது. முத்திரையளவான பரப்பிலே பிறக்கும் அவ்வெப்பத்தை அகற்றுதற்கென விற்கப்படும் கருவிகள் இன்று பல்வண்ண விளக்குகள் பூண்டு திருவிழாப் பந்தல் போலப் பொலிகின்றன. அவ்விளக்குகள் ஒரு பாகையேனும் குளிர்விப்பனவோ எனின், இல்லை. தம் பங்கிற்குச் சிறிது வெப்பத்தைக் கூட்டுவனவே.

வேலை செய்பவை கண்ணுக்குப் புலப்படாதவை. செயலியினின்று வெப்பத்தை ஏற்றுச் செல்லும் செப்புக் குழாய்கள், 1963இல் அமெரிக்காவின் லோஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் உருவாக்கிய வெப்பக்குழாயின் வழிவந்தவை. உள்ளே அடைக்கப்பட்ட சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் ஒடுங்கி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீளும். ஆங்கு விடப்பட்ட வெப்பம் அலுமினியத் தகடுகளிற் பரவ, விசிறி அதனைக் காற்றோடு போக்கும்.

இக்கருவியின் தரத்தை உரைப்பது வெப்பத்தடை என்னும் எண். வாற்று ஒன்றுக்கு 0.3 பாகை தடையுடைய கருவி, 200 வாற்றுச் செயலியைச் சுற்றுக்காற்றினும் 60 பாகை உயரத்தில் நிறுத்தும். குளிரூட்டிய கொழும்பு அறையொன்றில் காற்று 22 பாகை செல்சியஸ் எனின் செயலி 82 பாகை. கச்சான் வீசும் ஆடி மாதத்துத் திருகோணமலையிலோ காற்றே 34 பாகை, செயலி 94. முகப்பு முழுவதும் கண்ணாடியால் அடைத்த அழகிய பெட்டியாயின் உட்காற்று மேலும் சூடேறும். 95 முதல் 100 பாகையை அணுகியதும் பல செயலிகள் தம்மைக் காத்தற்பொருட்டு வேகத்தைத் தாமே குறைக்கும். மகனின் படிப்புக்கென்று தந்தை கடன்பட்டு வாங்கிய வேகம் இவ்வாறு கழியும்!

விற்பனைப் பெட்டியில் வெப்பத்தடையைக் காண்பது அரிது. "250 வாற்று" என்றிருக்கும். எத்தனை பாகையில் என்றிராது. விசிறியின் காற்றளவும் பெரும்பாலும் தடையற்ற வெளியில் அளந்ததே. நெருங்கிய தகடுகளின் முன் அது வெகுவாகக் குறையும்.

ஒஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் 2018இல் வெளியிட்ட விசிறியொன்றில் இதழ் நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி 0.5 மில்லிமீற்றரே. சுழலுந்தோறும் இதழ் நீண்டு சட்டத்தில் உராயாதிருக்க விறைப்பான தனிவகைப் பிளாத்திக்கைக் கையாண்டனர். நிறமோ மங்கிய கபிலம், விளக்கேதும் இல்லை. (அக்கபில நிறமே அவர்தம் விளம்பரமாயிற்று என்பது வேறு கதை.)

துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு இன்னுமொன்று. உப்பீரம் தூசியைத் தகடுகளில் அப்பச் செய்து காற்றின் வழியை அடைக்கும். சில மாதங்களுக்கொருமுறை மின்னிணைப்பை நீக்கி, மென்தூரிகையால் அதனை அகற்றுதல் வேண்டும். இதற்குச் செலவேதும் இல்லை.