முள்ளில் மோதினால் முதலிலிருந்து

மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா தொடங்கினால் எங்கள் அமிர்தகழியில் வீட்டுப் படலைவரை கடை வந்துவிடும். வளையல், பலூன், தண்ணீர்த் துவக்கு, சாவி கொடுத்தால் ஓடும் கார் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு ஆடியிலும் என் மகனுக்கு அதில் ஏதாவது ஒன்று வாங்கிக் கொடுப்பேன். தீர்த்தம் முடிந்து கடைகள் கட்டி ஏற்றுவதற்கு முன்பே அது உடைந்து கிணற்றடியில் கிடக்கும். போன வருடம் அவன் கடைப்பக்கம் வரவே மறுத்துவிட்டான்.

"எனக்குச் சாமான் ஒன்றும் வேணாம் அம்மா. அந்தக் காசுக்கு போனில ஒரு விளையாட்டு வாங்கித் தாங்க."

போனில் விளையாட்டுக்குக் காசா என்று கேட்டேன். இலவசமாக எத்தனையோ கிடக்கிறதே என்றேன். அவன் சொன்ன விளையாட்டும் இலவசமாக ஒன்று ஏற்கெனவே அவனிடம் இருந்தது. அதன் முழுப் பதிப்புத்தான் காசுக்கு. பெயர் ஜியோமெற்றி டாஷ்.

இதை எழுதக் காரணம், தையல் வகுப்பில் என்னோடு இருக்கும் மூன்று தாய்மார் இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள் என்பதுதான். பிள்ளை கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா, கொடுத்தால் கெட்டுப்போவானா? அவர்களுக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

முதலில் என் மகனைப் பற்றி. அவனுக்குப் பதின்மூன்று வயது. பிறப்பிலேயே பெருமூளை வாதம். இடது கையும் இடது காலும் சொன்னபடி கேளாது. நடப்பான், ஆனால் இழுத்து இழுத்து. பின்னேரத்தில் பக்கத்து வளவில் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடும்போது இவன் வேலியோரம் நின்று யார் எந்தக் கோட்டில் அடிபட்டார் என்று தீர்ப்புச் சொல்வான். மழை வந்தால் அந்தப் பிள்ளைகள் போனோடு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். அவர்கள் விளையாடும் துவக்குச் சண்டை விளையாட்டுகளுக்கு இரண்டு பெருவிரலும் வேண்டும். ஒன்று நடக்க, மற்றது சுட. அதிலும் இவன் தீர்ப்புக்காரன்தான்.

இந்த விளையாட்டை மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறாய் என்று கேட்டேன்.

"இதில ஓடத் தேவையில்லை அம்மா. அதுவே ஓடும். நான் தாவினால் போதும்."

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன்.

திரையில் ஒரு சிறு சதுரப் பெட்டி. அது தானாகவே வலது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. வழியில் முட்கள், கட்டைகள், பள்ளங்கள். நாம் விரலால் திரையைத் தொட்டால் பெட்டி தாவும். தொடாவிட்டால் தாவாது. இவ்வளவுதான் சட்டம். ஒரு முள் பட்டால் போச்சு, தொடக்கத்திலிருந்து மறுபடி. மூன்று உயிர், ஐந்து உயிர் என்ற கணக்கெல்லாம் இல்லை. போகப் போகப் பெட்டி சிறு கப்பலாகும், பந்தாகும். ஒவ்வொன்றுக்கும் விரலின் பழக்கம் வேறு. பின்னால் பாட்டு ஓடும். தாவ வேண்டிய இடமெல்லாம் அந்தத் தாளத்தோடு பொருந்தி வரும். உடுக்குச் சத்தத்துக்குக் கால் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

முதல் நிலை ஒன்றரை நிமிடம். அதைக் கடக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. சோறு அடுப்பில் இருக்க, மாமி வந்து எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, நீயும் போனுக்குள்ள விழுந்திட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த விளையாட்டை ஆக்கியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ரொபர்ட் தொப்பாலா. 2013 ஓகஸ்டில் வெளியிட்டார். பெரிய கம்பனி ஒன்றும் இல்லை. பத்து வருடம் கழித்து, 2023 டிசம்பரில், பெரிய மேம்படுத்தல் ஒன்று வந்தது. முன்பே வாங்கியிருந்தவர்களிடம் அதற்கு மேலதிகக் காசு கேட்கவில்லை. இந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

தானே ஓடும் விளையாட்டு என்ற வகை இவரோடு தொடங்கியதல்ல. 2009இல் அமெரிக்கரான அடம் சோல்ட்ஸ்மன் கனபால்ட் என்று ஒன்று செய்தார். கட்டடக் கூரைகள் மேல் ஒருவன் ஓடுவான், நாம் ஒரேயொரு பொத்தானால் அவனைத் தாவ வைக்க வேண்டும். 2012இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் முதன்முதலாகத் தன் சேகரிப்பில் சேர்த்த பதினான்கு விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. ஒரு விரல் விளையாட்டு என்று நாம் குறைவாக நினைக்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2016 டிசம்பரில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனமே சூப்பர் மரியோ ரன் என்று இந்த வகையில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு கையால் விளையாடலாம் என்றுதான் அதை விளம்பரப்படுத்தினார்கள். தொடக்கம் இலவசம், மிச்சத்துக்கு ஒரே தடவை பத்து டொலர். அப்போது டொலர் 150 ரூபா அளவில் நின்றது, ஆகவே 1,500 ரூபா. 2022இல் டொலர் 360 தாண்டியபோது அதே பத்து டொலர் 3,600 ரூபா. இன்று 3,000 ரூபா அளவு. விளையாட்டின் விலை ஏறவில்லை, எங்கள் காசுதான் இறங்கியது. போதாததற்கு அந்த விளையாட்டு வெளிவந்தபோது இணையத் தொடர்பு இல்லாமல் ஓடவும் மாட்டாது. டேற்றாக் காசும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஜியோமெற்றி டாஷின் முதன்மை நிலைகளுக்கு ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை, விலையும் மரியோவைவிடக் குறைவு. எனக்கு அது இரண்டு சாரிச்சட்டை தைக்கும் கூலிக்குக் கிட்ட வந்தது.

இரண்டு சட்டைக் கூலி பெரிய காசு இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துப் பார்த்தால் தெரியும்.

இலவசப் பதிப்பு இருக்கும்போது ஏன் வாங்க வேண்டும்? இதில்தான் நான் அதிகம் யோசித்தேன். இலவசப் பதிப்பில் தொடக்க நிலைகள் சில உண்டு. அவற்றை விளையாடும்போது அடிக்கடி விளம்பரம் வந்து நிற்கும். நான் விளையாடிய நான்கு நாளில் காசு வைத்து ஆடும் ஆட்டத்துக்கான விளம்பரத்தையும் பார்த்தேன், பெண்பிள்ளையின் படம் போட்டு அழைக்கும் ஒன்றையும் பார்த்தேன். அதை மூடும் புள்ளடி எறும்பளவு. ஒரு கைப் பிள்ளை அவசரத்தில் தொட்டால் வேறெங்கோ போய் நிற்கும்.

இலவசம் என்று வரும் வேறு ஓட்ட விளையாட்டுகளில் இன்னொரு வழி இருக்கிறது. விழுந்தால் மறுபடி எழும்ப ஒரு சாவி வேண்டும், சாவி முடிந்தால் காசுக்கு வாங்கலாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில், வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் வங்கி அட்டை போனில் பதிந்திருந்தது தெரியாமல் ஏழு வயதுப் பிள்ளை அப்படிச் சாவி சாவியாக வாங்கிவிட்டது. மாதக் கணக்கு வந்த அன்று அந்த வீட்டில் நடந்த சண்டையை ஒழுங்கை முழுவதும் கேட்டது. பிள்ளைக்கு அடி, தாய்க்குத் திட்டு. காசை எடுத்தவன் எங்கோ இருக்கிறான்.

நிண்டெண்டோவே இந்தப் பாடத்தைக் கண்டது. ஒரே தடவை காசு வாங்கிய மரியோ எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை என்று 2017இல் அவர்கள் சொன்னார்கள். இலவசமாகக் கொடுத்து உள்ளே காசு வாங்கிய அவர்களின் வேறொரு விளையாட்டு அதைவிட அதிகம் உழைத்தது. அந்த உழைப்பு எத்தனையோ வீடுகளில் இருந்து போன காசு.

ஆகவே என் தீர்மானம், ஒரு தடவை விலை சொல்லி விற்பவன் நேர்மையானவன் என்பது. ஆனால் வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்று, வெளிச்சம். இந்த விளையாட்டில் நிறங்கள் பளிச் பளிச்சென்று மாறும். சில நிலைகளில் திரை மின்னல் அடித்ததுபோல் வெட்டும். 1997 டிசம்பர் 16இல் ஜப்பானில் போக்கிமோன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிய ஒரு காட்சியைப் பார்த்து 685 பிள்ளைகள் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவில் இப்படி வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பும் சேர்ந்திருப்பது சாதாரணம். என் மகனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இருந்தும் கிளினிக் போன நாளில் டொக்டரிடம் போனையே காட்டிக் கேட்டேன். இருட்டறையில் விளையாட விட வேண்டாம், முகத்துக்குக் கிட்டப் பிடிக்க விட வேண்டாம், களைத்திருக்கும்போதும் தூக்கம் இல்லாதபோதும் வேண்டாம், கண் கூசுகிறது தலை சுற்றுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள் என்றார். வலிப்பு வந்த பிள்ளை உள்ள வீட்டில் டொக்டரைக் கேட்காமல் இதை இறக்கவே வேண்டாம்.

மற்றது, கோபம். விளையாட்டு சும்மா கடினம் இல்லை, கொடுமையான கடினம். எவ்வளவு தூரம் வந்தோம் என்று திரை வீதத்தில் காட்டும். ஒரு இரவு என் மகன் 96 வீதத்தில் முள்ளில் மோதினான். போனைத் தலையணையில் அடித்தான், பிறகு நல்ல கையால் தன் இடது கையையே அடித்தான். விளையாடியது வலது கை, அடி வாங்கியது மற்றது. நான் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். அன்று என் மனதில் இந்த வாங்கும் கதை முடிந்தது என்றுதான் இருந்தது.

மூன்று நாள் அவன் கேட்கவில்லை. நாலாம் நாள் வந்து, தான் எங்கே பிழைவிட்டேன் என்று ஒரு கடதாசியில் கீறிக் காட்டினான். கடைசி மூன்று முள்ளுக்கு முன்னால் கட்டை ஒன்று இருக்கிறதாம், அதில் ஏறாமல் பொறுத்துத் தாவ வேண்டுமாம். பறித்து வைத்தபோது மனதுக்குள் விளையாடிக்கொண்டே இருந்திருக்கிறான். கோபம் வந்த இடத்தையும் அறிந்து வைத்திருக்கிறான். அப்போதுதான் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வந்தது.

பள்ளி நாட்களில் அரை மணி நேரம் என்று முன்பு வைத்திருந்தேன். அது சரிவரவில்லை. நேரம் முடியும்போது அவன் பாதி வழியில் இருப்பான், "இந்த ஒரு தடவை அம்மா" என்பான், அந்த ஒரு தடவை முடியாது. விளையாட்டே இது எத்தனையாவது முயற்சி என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. ஆகவே நேரத்தை விட்டுவிட்டு முயற்சியைக் கணக்கு வைத்தோம். ஐம்பது. ஐம்பதாவது விழுந்தால் போன் என் கைக்கு வரும். விழுந்த இடத்திலேயே முடிவதால் சண்டை இல்லை. முதல் முள்ளிலேயே அவசரப்பட்டு விழுந்தால் ஒரு முயற்சி வீண் என்பதால் அவன் நிதானமாகவும் தொடங்கினான்.

வாங்குவதிலும் ஒரு சிக்கல். என்னிடம் இணையத்தில் பாவிக்கும் அட்டை இல்லை. ரவுணில் ஒரு போன் கடையில், இருநூறு ரூபா தந்தால் முழுப் பதிப்பையும் ஏற்றித் தருகிறேன் என்றார்கள். களவாக எடுத்த பிரதி. அதோடு வேறென்ன உள்ளே வருகிறது என்று யாருக்குத் தெரியும்? நான் தைத்த சட்டையை ஒருத்தி கூலி தராமல் கொண்டுபோனால் எனக்கு எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். கடைசியில் தம்பி தன் அட்டையால் வாங்கித் தந்தான், காசைக் கையில் கொடுத்தேன். வாங்கி முடித்ததும் அட்டையைப் போனிலிருந்து நீக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி கூகுள் பிளேயில் அமைக்கலாம், அதையும் செய்தான். போன் சரியாக ஓட்டாவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் சொன்னான். எங்கள் பழைய போனில் கொஞ்சம் தடக்கித்தான் ஓடியது. அமைப்பில் படத்தின் விபரத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

தையல் வகுப்புத் தோழிகளுக்கு நான் சொன்னது இதுதான். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் வேண்டாம், அழுகைதான் மிஞ்சும். தோல்வி தாங்காமல் பொருளை உடைக்கும் பிள்ளை என்றால் முதலில் இலவசப் பதிப்பில் நீங்களும் கூட இருந்து ஒரு மாதம் பாருங்கள். இலவசப் பதிப்பின் நிலைகளையே கடக்காத பிள்ளைக்கு முழுப் பதிப்பு எதற்கு? என் மகன் அதில் இருந்ததெல்லாம் முடித்துவிட்டுத்தான் கேட்டான். முழுப் பதிப்பில் உலகெங்கும் இருந்து ஆட்கள் ஆக்கிய நிலைகள் கணக்கில்லாமல் உண்டு. அங்கே கருத்து எழுதும் இடமும் உண்டு. அந்தப் பக்கம் போவதானால் என் முன்னால்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

முழுப் பதிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. நாமே நிலை ஆக்கும் கருவி. அதற்காகத்தான் அவன் கேட்டிருக்கிறான் என்பது வாங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. இப்போது திண்ணையில் மழைக்கு ஒதுங்கும் பிள்ளைகள் அவனைச் சுற்றி இருக்கிறார்கள். அங்கே ஒரு முள் வை, இங்கே ஒரு பள்ளம் வை என்று அவர்கள் சொல்ல, இவன் ஒரு விரலால் கட்டை கட்டையாக அடுக்குகிறான். ஆங்கில எழுத்தில் மாமாங்கம் என்று பெயர் வைத்திருக்கிறான். நடுவில் ஒரு இடம் குளத்துப் படிபோல் இறங்கி ஏறும்.

அதை மற்றவர்கள் விளையாடும்படி வெளியிட வேண்டுமென்றால், ஆக்கியவன் முதலில் தானே ஒரு தடவை தொடக்கத்திலிருந்து முடிவுவரை விழாமல் ஓடிக் காட்ட வேண்டும். அதுதான் அங்கே விதி. அவன் இன்னும் 61 வீதத்தில் நிற்கிறான். நான் 14.