நாய் சினையா இருக்கா? 63 நாள் கணக்கு முதல் குட்டி போடும் ராத்திரி வரை.. மலை கிராமத்தில் என்னென்ன தயாரா இருக்கணும்?

கல்வராயன் மலையில் கொல்லைக் காவலுக்கு நாய் வளர்க்காத வீடு குறைவு. மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றுவது அதுதான். ஆனால் அந்த நாய் சினையானால், "அதுவா குட்டி போட்டுக்கும்" என்று விட்டுவிடுவதுதான் பல வீடுகளின் வழக்கம்.

பெரும்பாலும் அதுவாகவே போட்டுக்கொள்ளும் என்பது உண்மைதான். சிக்கல் வந்தால்தான் கஷ்டம். ராத்திரி நேரத்தில் ஆபரேஷன் தேவைப்பட்டால், வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதையில் இறங்கி கள்ளக்குறிச்சி வந்து சேர வேண்டும். அதற்குள் தாயும் குட்டிகளும் தாங்குமா என்பது, வீட்டில் இருப்பவர்கள் எந்த நேரத்தில் கிளம்ப முடிவெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த முடிவுக்குத் தேவையான விஷயங்கள் இதோ.

நாய்க்கு எத்தனை நாள் சினை?

சராசரியாக 63 நாள். அதாவது 9 வாரம். ஆனால் இணை சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டால் 57 முதல் 72 நாள் வரை முன்னே பின்னே ஆகலாம். இணை சேர்ந்த நாளும் கரு உருவான நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே காரணம்.

உதாரணமாக, அக்டோபர் 1-ம் தேதி இணை சேர்ந்திருந்தால், டிசம்பர் 3-ம் தேதி வாக்கில் குட்டிகளை எதிர்பார்க்கலாம். நவம்பர் கடைசி வாரத்திலிருந்தே தயாராக இருக்க வேண்டும். 70 நாள் தாண்டியும் அறிகுறி இல்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதனால் முதல் வேலை, இணை சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது. செலவே இல்லாத வேலை இதுதான், பின்னால் ரொம்ப உதவப் போவதும் இதுதான்.

சினைதான் என்று எப்படி உறுதி செய்வது?

முதல் 3, 4 வாரம் வெளியில் எதுவும் பெரிதாகத் தெரியாது. பிறகு காம்புகள் சிவந்து பெரிதாகும். 5 வாரத்துக்கு மேல் வயிறு தெரிய ஆரம்பிக்கும். மெடிக்கல் ஷாப்பில் பெண்களுக்காக விற்கும் கர்ப்பப் பரிசோதனை கிட் நாய்க்கு வேலை செய்யாது. அது தேடும் ஹார்மோன் நாய் உடலில் உருவாவதில்லை.

25 நாளுக்கு மேல் ஸ்கேன் எடுத்தால் குட்டிகளின் இதயத் துடிப்பே தெரியும். 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். மலையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். 6 குட்டி என்று தெரிந்தால், 4 குட்டி போட்டதும் "அவ்வளவுதான்" என்று தூங்கப் போக மாட்டார்கள்.

சினையே இல்லாமலும் சில நாய்களுக்கு மடி பெருத்துப் பால் சுரக்கும், துணியை இழுத்துப் போட்டுப் படுக்கை தயாரிக்கும். இது பொய் சினை. பருவத்துக்கு வந்து 6 முதல் 8 வாரத்தில் இப்படி நடக்கலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

"சினையா இருக்கு, நிறைய கொடு" என்பது முதல் மாதத்துக்குப் பொருந்தாது. முதல் 5 வாரம் வழக்கமான அளவே போதும். அதன் பிறகு குட்டிகள் வேகமாக வளரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி வாரங்களில் வழக்கத்தை விடக் கால் பங்கு முதல் பாதி வரை அதிகம் கொடுக்கலாம். வயிற்றில் இடம் இருக்காது என்பதால் ஒரே வேளையாக வைக்காமல் 3, 4 வேளையாகப் பிரிக்க வேண்டும்.

வெறும் சோறும் ரசமும் பத்தாது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி இறைச்சி சேர்த்துக் கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும், போடக் கூடாது.

சினைக் காலத்தில் பலரும் செய்யும் தவறு, "குட்டிக்கு எலும்பு பலம் வரட்டும்" என்று கால்சியம் மாத்திரை கொடுப்பது. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், உடல் தன் எலும்பிலிருந்து அதை எடுக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். குட்டி போட்ட பிறகு பாலுக்கு நிறைய கால்சியம் தேவைப்படும்போது, உடலால் ஈடுகொடுக்க முடியாமல் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் வேண்டாம்.

அதே போல உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அதற்காகக் குடற்புழுவை அப்படியே விட்டுவிடவும் முடியாது. தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும்போதே உருளைப்புழுவும், பால் வழியாகக் கொக்கிப்புழுவும் குட்டிகளுக்குப் போகும். எந்த மருந்து, எப்போது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

என்னென்ன தயாராக வைக்கணும்?

குட்டி போடும் இடத்தை ஒரு வாரம் முன்பே தயார் செய்து, நாயைப் பழக்கிவிட வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத, மழைச்சாரலும் காற்றும் அடிக்காத மூலை போதும். தாய் கை கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பலகைப் பெட்டியோ, செங்கல் அடுக்கிய தடுப்போ போடலாம். அடியில் கோணிப்பை, மேலே துவைத்த பழைய காட்டன் புடவை.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: சுத்தமான துணிகள், வெந்நீரில் கொதிக்க வைத்த நூலும் கத்தரிக்கோலும், டார்ச் லைட், நாய்க்கென்று தனியாக ஒரு தெர்மாமீட்டர். கூடவே, ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய வண்டிக்காரர் நம்பர், மருத்துவர் நம்பர்.

கால்நடைகளுக்கான அவசர உதவி எண் 1962. உங்கள் ஊருக்கு, அந்த நேரத்தில், நாய்க்கு வண்டி வருமா என்பதை முன்பே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கள்ளக்குறிச்சியில் முடியாத சிகிச்சை என்றால், சின்னசேலத்தைத் தாண்டி சேலம் மாவட்டம் தலைவாசல் அருகே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்தே விசாரித்து வைக்கலாம்.

இன்னைக்குத்தான் என்று எப்படித் தெரியும்?

நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட். 58-வது நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம். 99-க்குக் கீழே இறங்கினால், பொதுவாக அடுத்த 24 மணி நேரத்தில் குட்டி போட்டுவிடும். ஆபத்து வருவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்திலேயே வண்டிக்காரரிடம் சொல்லி வைக்க இது உதவும்.

அடுத்து சாப்பிடாது, மூச்சு வாங்கும், நிலை கொள்ளாமல் தரையைப் பறிக்கும். இது 6 முதல் 12 மணி நேரம், சில நாய்களுக்கு 24 மணி நேரம் வரை போகும். பயப்பட வேண்டியதில்லை. பிறகு முக்க ஆரம்பிக்கும், குட்டிகள் ஒவ்வொன்றாக வரும். பின்னங்கால் முதலில் வந்தாலும் நாய்களுக்கு அது சகஜம்தான்.

குட்டியைச் சுற்றியிருக்கும் சவ்வைத் தாயே கிழித்து நக்கிவிடும். ஓரிரு நிமிடத்தில் செய்யவில்லை என்றால், நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துணியால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டிவிட்டு, கட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டலாம். குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றக் கூடாது, மூளையில் காயம் ஏற்படும்.

எப்போது கிளம்பணும்?

* அரை மணி நேரம் விடாமல் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை
* உள்ளே குட்டி இருக்கிறது என்று தெரிந்தும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே 2 மணி நேரம் தாண்டிவிட்டது
* முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிவு
* நிற்காத ரத்தப்போக்கு, துர்நாற்றம், மயக்கம்
* குட்டி பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது

இதில் ஒன்று நடந்தாலும் மருத்துவர் தேவை. ஆனால் இந்த நேரக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்குச் சரி. மலையில் இருப்பவர்கள் பயண நேரத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 15 நிமிடம் முக்கியும் எதுவும் வரவில்லை என்றால் வண்டிக்குப் போன் போட்டுவிட வேண்டும். வண்டி வருவதற்குள் குட்டி வந்துவிட்டால் நல்லதுதான், திருப்பி அனுப்பிவிடலாம். மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, பிறகு மலை இறங்கினால்தான் ஆபத்து. போகும்போது, பிறந்த குட்டிகளையும் துணி சுற்றிய கூடையில் கூடவே எடுத்துப் போக வேண்டும்.

பிறந்த பிறகு?

முதல் எதிரி குளிர். முதல் 2, 3 வாரம் குட்டிகளால் தங்கள் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. மார்கழிப் பனியில் மலையில் பிறக்கும் குட்டிகளுக்கு இது இன்னும் ஆபத்து. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். சில்லிட்டுப் போன குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது. முதலில் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால்.

பிறந்த சில மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டிகளும் சீம்பால் குடித்தாக வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி அதில்தான் இருக்கிறது. கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும்.

தாயையும் கவனிக்க வேண்டும். குட்டி போட்டு முதல் 4 வாரத்துக்குள் உடல் நடுங்குவது, கால் விறைப்பது, தள்ளாடுவது தெரிந்தால் அது கால்சியம் குறைபாட்டு வலிப்பாக இருக்கலாம். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும், மறுநாள் வரை தாங்காது.

2 வாரத்தில் குட்டிகளுக்கு முதல் குடற்புழு மருந்து, 6 முதல் 8 வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி. 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளும், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

எல்லாக் குட்டிக்கும் வீடு கிடைக்காது என்று தெரிந்தால், பால் மறந்த பிறகு தாய்க்குக் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதுவரை, காலண்டரில் குறித்த தேதியும் போனில் இருக்கும் வண்டிக்காரர் நம்பரும்தான் அந்த நாய்க்கு நீங்கள் தரக்கூடிய பெரிய பாதுகாப்பு.