லாஜிஸ்டிக்ஸ் வேலையா? ஃபைலிலிருந்து தொடங்குங்கள்

பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள் பலர் இப்போது லாஜிஸ்டிக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். காரணம் இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வரும்வரை, மத்திய விற்பனை வரியை மிச்சப்படுத்துவதற்காகவே பெரிய நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. வரி ஒன்றானதும் சின்னக் குடோன்களுக்கு அவசியம் குறைந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் பெரிய கிடங்குகள் எழுந்தன. அதே ஆண்டு நவம்பரில் இத்துறைக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கிடைத்தது. 2022-ல் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை, 2023-ல் தமிழகத்துக்கென்று தனிக் கொள்கை. வேலை இருக்கிறது. எங்கே போய் உட்காருவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

‘சப்ளை செயின் மேனேஜர்’ பதவியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுவார். கிடங்கில் ஸ்டாக் எண்ணுவதும், டிரான்ஸ்போர்ட்டில் லாரியைத் துரத்துவதும்தான் பெரும்பாலும் முதலில் கிடைக்கும். இரண்டும் நல்ல பயிற்சிதான். ஆனால் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், ஏற்றுமதி இறக்குமதியைக் கவனிக்கும் ஃபார்வர்டர் அல்லது சுங்க முகவர் அலுவலகத்தின் டாக்குமென்டேஷன் மேசையைத்தான் நான் சொல்வேன். பார்க்க வெறும் டைப்பிங் வேலை போலிருக்கும். வியாபாரம் முழுவதும் அந்த மேசை வழியாகத்தான் போகிறது.

திருப்பூரிலிருந்து ஹாம்பர்க் போகும் பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் வந்ததும் சுங்கத்துக்கு ஷிப்பிங் பில் போட வேண்டும். அதில் பொருளின் வகையைக் குறிக்கும் எட்டு இலக்க எச்.எஸ். கோடு கேட்கும். சாதாரண பருத்தி டி-ஷர்ட் என்றால் 61091000. அதே துணியில் காலரும் முன்பக்கம் பட்டனும் வைத்த ஆண்கள் சட்டை என்றால் 6105-க்குப் போய்விடும். கோடு மாறினால் ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையும் மாறலாம், வாங்குபவர் அங்கே கட்டும் வரியும் மாறலாம். சரக்கு தூத்துக்குடியில் ஃபீடர் கப்பல் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். பிறகு கப்பல் நிறுவனம் சரக்குக்குத் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங். வாங்குபவர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தை (எல்.சி.) வைத்து நடக்கும் வியாபாரத்தில் வங்கி பணம் தராமல் நிறுத்திவைக்க இடமுண்டு. இறக்குமதியில் இன்னொரு தலைவலி: இலவச நாட்களுக்குள் கன்டெய்னரை எடுக்காவிட்டால் டெமரேஜ், காலிப்பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் டிட்டென்ஷன் என்று நாள்கணக்கில் கட்டணம் ஏறும். யாரோ அனுப்ப மறந்த ஒரு காகிதத்துக்காக லாபம் கரைவதை இந்த மேசையில்தான் பார்க்கலாம்.

விமானச் சரக்கில் இன்னொரு கணக்கு. 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி, எடை 12 கிலோ. மூன்று அளவையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 20 வரும். இது எடையைவிட அதிகம் என்பதால் கட்டணம் 20 கிலோவுக்குத்தான். புதிதாகச் சேர்ந்தவர் எடையை மட்டும் பார்த்து ரேட் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வது வழக்கம்.

டிரான்ஸ்போர்ட்டில் சேர்ந்தால், சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லை ஆதியோடந்தமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடி.

சுங்கத் துறையில் படிகள் தெளிவாக இருக்கின்றன. சுங்க முகவரிடம் ஊழியராகச் சேர்ந்தால் முதலில் எச் கார்டு என்ற அடையாள அட்டை. சுங்கத் துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. ஆவணங்களில் கையெழுத்திடும் உரிமை அப்போதுதான் வரும். அதற்கும் மேலே எழுத்தும் வாய்மொழியும் கொண்ட எஃப் கார்டு தேர்வு. அதில் வென்றால் சொந்தமாகவே உரிமம் கோரலாம். எம்.பி.ஏ. கட்டணத்தைப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்தப் படிகளை ஒருமுறை கவனிப்பது நல்லது. முறையான படிப்புதான் வேண்டுமென்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் போக்குவரத்து, துறைமுக நிர்வாகத்தில் எம்.பி.ஏ. நடத்துகிறது. வேலைப் பயிற்சியோடு சேர்ந்த பட்டப்படிப்புகளை லாஜிஸ்டிக்ஸ் திறன் கவுன்சில் பல கல்லூரிகளில் கொண்டுவந்திருக்கிறது. ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம், துறைமுகத்தில் உடனே பணி’ என்று மூன்று மாத டிப்ளமோ விற்கிறவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்த நண்பனோடு ஒப்பிட்டால் மனம் கசக்கும். கப்பலின் கட்-ஆஃப் நேரம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காது, தீபாவளியும் பார்க்காது. எக்செல் நன்றாக வர வேண்டும், பிழையில்லாமல் ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரிய வேண்டும். இந்தி பேசத் தெரிந்தால் லாரிக்காரர்களோடு பாதிச் சண்டை மிச்சம்.

நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: முதல் ஆறு மாதம் என்னை எந்த மேசையில் உட்கார வைப்பீர்கள்? ‘எல்லா ஃபைலையும் பார்க்க வேண்டியிருக்கும்’ என்று அலுத்துக்கொண்டு சொல்கிற இடத்தில் யோசிக்காமல் சேருங்கள். முதல் நாளே டார்கெட் பேசுகிற இடமென்றால், வேறு இடம் பார்ப்பதே நல்லது.