டூ ஸ்ட்ரோக்கை வீழ்த்தியது எது?

2023 செப்டம்பரில், டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவின் புத்த் பந்தயத் தடத்தில் மோட்டோஜிபி பைக் பந்தயம் நடந்தபோது மூன்று பிரிவுகளிலும் ஓடியவை ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளே. டூ ஸ்ட்ரோக் வேகத்தில் தோற்றது என்பது நியாயமான தீர்ப்பல்ல. 2002-இல் 500 சிசி டூ ஸ்ட்ரோக்கோடு 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கை மோதவிட்டது பந்தய விதிதான். டூ ஸ்ட்ரோக்கை வீழ்த்தியது புகை. சிலிண்டருக்குள் புதிதாக நுழையும் பெட்ரோலில் ஒரு பங்கு, எரியாமலே சைலன்சர் வழியாக நழுவிவிடும். கூடவே ஆயிலும் எரியும்.

பந்தயத்தில் ஓடும் சில பைக்குகளாலா காற்று கெடும் என்று கேட்கலாம். கெடாதுதான். ஆனால் சாலையில் விற்க முடியாத எஞ்சினுக்கு எந்த நிறுவனம் பணம் கொட்டும்? டெல்லியின், பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்கான, பழைய ஆட்டோக்களை ஒழித்துத் தூய எரிபொருளுக்கு மாற்ற 1998-இல் உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். 2012-இல் பந்தயத்தின் 125 சிசி பிரிவும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோ3 ஆனது. ரசிகர்களின் ஏக்கம் புரிகிறது. ஆனாலும் மூச்சுத் திணறும் நகரத்துக்கு டூ ஸ்ட்ரோக்கைக் கைவிட்ட முடிவே சரி.