ஸ்பீக்கரில் ஏன் இந்த இரைச்சல்?

சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். எல்எம் 386 என்ற எட்டுக்கால் ஐசி, 9 வோல்ட் பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர், சில கெப்பாசிட்டர்கள் போதும். மைக்குக்குப் பதிலாக ஒரு பீசோ தகடு: பித்தளை வட்டத்தின் நடுவே மெல்லிய பீங்கான் வில்லை ஒட்டியிருக்கும். அதை மேசையில் ஒட்டி விரலால் தட்டினால் ஸ்பீக்கர் ‘டொக் டொக்’ என்று பேசும்.

தகட்டுக்கும் ஐசிக்கும் நடுவே ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாதாரண ஒயரை இழுத்துப் பாருங்கள். தட்டாமல் இருக்கும்போதும் ‘ம்ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும். உள்ளீட்டு ஒயரின் முனையை விரலால் தொட்டால் இரைச்சல் இன்னும் கூடும். (பேட்டரியில் ஓடும் சுற்றில் மட்டுமே இப்படித் தொடலாம்!) பேட்டரிச் சுற்றுக்குள் இந்த ஒலி எங்கிருந்து வந்தது?

சுவருக்குள் ஓடும் ஒயரிலிருந்துதான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. அந்த ஒயரைச் சுற்றி மின்புலம் இருக்கிறது. விளக்கு எரியாவிட்டாலும், ஒயரில் வோல்ட் இருந்தால் மின்புலமும் இருக்கும். சுவர் ஒயர் ஒரு கடத்தி, உங்கள் மேசை ஒயர் இன்னொரு கடத்தி, நடுவே காற்று. இரண்டு கடத்திகளுக்கு நடுவே காற்று இருந்தால் அதுவே ஒரு கெப்பாசிட்டர். அதன் வழியே மிக மிகச் சிறிய மின்னோட்டம் உங்கள் ஒயருக்குள் நுழைகிறது. எல்எம் 386-இன் 1-ஆம், 8-ஆம் கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் அந்த ஐசி எதையும் 200 மடங்கு பெரிதாக்கும். தட்டும் ஒலியோடு இரைச்சலும் பெரிதாகிறது. உங்கள் உடலும் கடத்திதான், அதுவும் பெரிய கடத்தி. தொட்டால் இரைச்சல் கூடுவது அதனால்தான்.

இந்த இரைச்சலைத் தடுக்கத்தான் ஷீல்டு ஒயர். நடுவில் ஒரு கம்பி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை, அந்த உறையைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிகளால் பின்னிய வலை. இந்த வலைக்கு வேர், 1836-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனை. அவர் 12 அடிப் பெட்டி ஒன்றைச் செய்து, அதைக் கம்பியாலும் உலோகத் தாளாலும் போர்த்தினார். தானே உள்ளே போய் உட்கார்ந்து, மின்னேற்றும் இயந்திரத்தால் பெட்டிக்கு மின்னேற்றச் செய்தார். வெளியே மின்பொறிகள் பறந்தன. உள்ளே அவருடைய கருவிகள் எதையும் காட்டவில்லை.

ஷீல்டு வலையைப் பேட்டரியின் மைனஸோடு இணைக்க வேண்டும். இங்கே கூர்மையான ஒரு கேள்வி எழலாம். ஃபாரடேயின் பெட்டி தரையோடு இணைக்கப்படவில்லை, அப்படியே வேலை செய்தது. நம் ஷீல்டை மட்டும் ஏன் இணைக்க வேண்டும்? ஃபாரடேயும் அவருடைய கருவிகளும் பெட்டிக்குள்தான் இருந்தன. பெட்டியின் வோல்ட் ஏறினால் அவையும் சேர்ந்தே ஏறின. வித்தியாசம் எதுவும் இல்லை. நம் ஒயரில் நடுக்கம்பி வலையை விட்டு வெளியே வந்து ஐசிக்குப் போகிறது. வலையை எதனோடும் இணைக்காமல் விட்டால், சுவர் மின்சாரத்தோடு அதுவும் ஊசலாடும். மிக அருகில் இருக்கும் நடுக்கம்பியையும் ஆட்டும். இணைக்காத ஷீல்டு கிட்டத்தட்ட வீண்.

ஆகவே பீங்கான் பகுதியில் நடுக்கம்பியையும், பித்தளைப் பகுதியில் வலையையும் சால்டர் செய்யுங்கள். மறுமுனையில் வலையை ஐசியின் 4-ஆம் காலோடு, அதாவது பேட்டரியின் மைனஸோடு இணையுங்கள். அதுதான் இந்தச் சுற்றின் கிரவுண்ட். மண்ணில் கம்பி புதைக்க வேண்டியதில்லை. இப்போது புகுந்த மின்னோட்டம் வலை வழியே கிரவுண்டுக்குப் போய்விடும். வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் ஒலியே வராது.

ஷீல்டு எல்லாவற்றையும் தடுக்குமா? இல்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்பு வலையை எளிதாகக் கடந்துவிடும். அதற்கு மருந்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து விலகி இருப்பதும், போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் முறுக்குவதும். முறுக்கில் அடுத்தடுத்த வளையங்களில் தோன்றும் வோல்ட்டுகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பெரிய கருவிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. மூன்று முள் பிளக் போட்ட இரண்டு கருவிகளை ஷீல்டு ஒயரால் இணைத்தால், ஷீல்டும் வீட்டு எர்த் ஒயரும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடும். அதில் ஓடும் சிறு மின்னோட்டமும் இரையும். இரட்டைக் கம்பி ஷீல்டு ஒயரை வாங்கி, இரண்டு கம்பிகளில் ஒலியை அனுப்பி, வலையை ஒரு முனையில் மட்டும் இணைப்பது ஒலிக் கருவிகளுக்கு நல்ல வழி. ஒற்றைக் கம்பி ஒயரில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே மின்னோட்டம் திரும்பிவரும் பாதையே வலைதான்.

இரைச்சலை நிறுத்தப் பிளக்கின் எர்த் முள்ளைச் சிலர் உடைத்துவிடுவார்கள். நீங்கள் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். கருவியின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த முள்தான். யாராவது உடைக்கப் போனால், தடுத்துச் சொல்லுங்கள்.